கடைக்காரர் கேட்ட கேள்வி



விசுவாசி ஒருவர் துப்பாக்கி வைத்திருப்பது தகுமா என்ற கேள்வி நம் வேதபாட வகுப்பில் எழும்போதெல்லாம் நேரம் போதாமல் போகிறது. இந்த வாரம் நான் அதற்குள் நுழையவில்லை. டெக்சாஸில் வாழும் நம்மில் சிலர் ஏற்கெனவே வாங்கிவிட்டார்கள். வேறு சிலர் வாங்க எண்ணியிருக்கிறார்கள். அந்தக் கடைக்குள் நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நம் சகோதரர் ஒருவர் இரவு வேளையில் பெட்ரோல் நிலையக் கடையொன்றைக் கவனித்துக்கொள்கிறார். அங்கே கொள்ளை நடந்தபின் கைத்துப்பாக்கி வாங்கத் தீர்மானித்து, துணைக்கு என்னை அழைத்தார். அவர் குடும்பத்தாரின் சம்மதத்தோடே இதைச் சொல்கிறேன்.

விற்பனை மேடையின் பின்னால் நின்ற முதியவர் துப்பாக்கியை எடுத்தார். தோட்டாப் பெட்டியைக் கழற்றினார். மேற்பகுதியைப் பின்னுக்கு இழுத்து, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணால் கண்டார். திறந்த நிலையிலேயே நீட்டினார். சகோதரர் வாங்கியதும், "நீங்களும் பாருங்கள்" என்றார். அவர் பார்த்ததை நாங்கள் பார்த்துக்கொண்டுதானே இருந்தோம்! ஆயினும் கைமாறும் ஒவ்வொரு முறையும் வாங்குபவரும் பார்த்தாக வேண்டும். விசுவாசத்தைப் பிரசங்கிக்கும் எனக்கு இந்த நம்பாமை முதலில் விநோதமாகத் தோன்றியது. அருகில் நிற்பவரின் உயிரை மதிப்பதே அது என்பது சற்று நேரத்தில் விளங்கியது.

மற்றவையும் அப்படித்தான். கேளாமல் எதையும் தொடக்கூடாது. துப்பாக்கியின் முனை எவர்மீதும் திரும்பலாகாது. கடையில் நாலாபுறமும் மனிதர் நிற்பதால், எந்தப் பக்கம் பிடிக்கலாம் என்று கேட்டுவிடுவதே நல்லது. விரல் விசையின்மேல் படக்கூடாது. காலியாக இருந்தாலும் விசையை இழுத்துப் பார்க்க அனுமதி வேண்டும். பழுதுபார்க்கத் தங்கள் துப்பாக்கியைக் கொண்டுபோகிறவர்கள் தோட்டாக்களை வீட்டிலேயே அகற்றி, பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோக வேண்டும். கதாநாயகன் துப்பாக்கியை விரலில் சுழற்றுவதைத் திரையில் கண்டு கைதட்டி வளர்ந்தவர்கள் நாம். அந்த விளையாட்டு அங்கே வேண்டாம்.

படிவம் 4473-ஐப் பற்றி நம் இளைஞருக்கு ஒரு வார்த்தை. உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்று அது கேட்கிறது. எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் முதலிய சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கி வாங்கச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. "அண்ணா, உங்களிடம் கிரீன் கார்டு இருக்கிறதே, உங்கள் பெயரில் வாங்கித் தாருங்கள்" என்று எவரேனும் கேட்டால் மறுத்துவிடுங்கள். படிவத்தில் பொய் எழுதுவது கூட்டாட்சிக் குற்றம். எஃப்.பி.ஐ. 1998 முதல் நடத்திவரும் பின்னணிச் சோதனையின் பதில் தாமதமானால் கடைக்காரரிடம் சீறுவதும் முறையல்ல.

சகோதரர் பேனாவை எடுத்தபோது அந்த முதியவர், "வீட்டில் எல்லோரும் நலமா? யாரேனும் மனம் உடைந்திருக்கிறார்களா?" என்று கேட்டார். சகோதரர் பதில் சொல்லவில்லை. அவர் வீட்டில் ஒருவர் சில மாதங்களாக மனச்சோர்வில் இருப்பதை நானும் அறிவேன். முதியவர் துப்பாக்கியை எடுத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார். "இன்று வேண்டாம்" என்றார். அவ்வளவுதான்.

இக்கேள்வியின் பின்னால் ஒரு துயரம் உண்டு. 2009-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஒரே வாரத்துக்குள், ஒருவரையொருவர் அறியாத மூன்று பேர் ஒரே கடையில் துப்பாக்கி வாங்கி, வாங்கிய சில மணி நேரத்திலேயே தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அதன்பின் அங்கே கடைக்காரர்களும் பொதுச் சுகாதாரப் பணியாளர்களும் ஒன்றுகூடி, வருகிறவரின் மனநிலையைக் கவனிக்கவும், ஐயம் எழுந்தால் விற்க மறுக்கவும் வழிமுறைகளை வகுத்தார்கள். இன்று பிற மாநிலங்களிலும் அவ்வழக்கம் பரவியிருக்கிறது. ஒரு விற்பனையை இழக்கத் துணிந்த அந்த முதியவரை நான் மிகவும் மதிக்கிறேன். எந்தச் சபைக்குப் போகிறவர் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

திரும்பும் வழியில் காருக்குள் நெடுநேரம் மௌனம். பிறகு சகோதரர், "ஐயா, வீட்டிலே அதை எங்கே வைப்பது என்று நான் யோசிக்கவே இல்லை" என்றார். இப்போது அவர் பகல் வேலைக்கு மாற்றம் கேட்டிருக்கிறார். வீட்டில் உள்ளவர் மருத்துவரைச் சந்தித்து வருகிறார். அவர்களுக்காக ஜெபியுங்கள்.

ஏற்கெனவே துப்பாக்கி வைத்திருப்பவர்களே, அதைப் பூட்டி வையுங்கள். தோட்டாக்களை வேறோர் இடத்தில் பூட்டுங்கள். வீட்டில் எவரேனும் சோர்ந்திருக்கும் நாட்களில் துப்பாக்கியை வெளியே வைத்துத் தருவீர்களா என்று கடையில் கேளுங்கள். சில கடைகள் அவ்வுதவியைச் செய்கின்றன. மனம் தாங்காத வேளையில் 988 என்ற எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். என் தொலைபேசியும் இரவில் அணைக்கப்படுவதில்லை.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் போதகர்