உப்புக் குறைந்தால் வண்டுக்குக் கொண்டாட்டம்!

மாமல்லபுரம் போகிறவர்கள் ரதங்களையும் கடற்கரைக் கோயிலையும் பார்த்துவிட்டு, சங்கு மாலை வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். நான் போனது கருவாட்டைப் பார்க்க! செங்கல்பட்டில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாகப் போய் இறங்கினேன். கோயிலுக்கு வடக்கே மீனவர் குப்பம். பங்குனி வெயிலில் மணலே தெரியாதபடி நெத்திலியும் காரப்பொடியும் காய்ந்துகொண்டிருந்தன.

காரணம் இல்லாமல் போகவில்லை. போன மழைக்காலத்தில் ஒரு கிலோ நெத்திலிக் கருவாடு வாங்கி டப்பாவில் போட்டுவைத்தேன். ஆறு வாரம் கழித்துத் திறந்தால், அடியில் பழுப்புப் பொடி, ரோமம் முளைத்த புழுக்கள், உரித்துப்போட்ட தோல்கள். மீனில் தலையும் முள்ளும்தான் பாக்கி!

இதை அங்கே கருவாடு புரட்டிக்கொண்டிருந்த ஆயாவிடம் சொன்னேன். சிரித்துவிட்டார்.

“பின்ன இன்னா கண்ணு? எல்லாரும் உப்புக் கம்மியா குடுன்னு கேக்கறீங்க. உப்புக் கொறஞ்சா வண்டு வராம இன்னா பண்ணும்? போன ஐப்பசியில எனக்கு ரெண்டு மூட்டை காரப்பொடி பூடுச்சி. கடன் வாங்கி எடுத்த மீனு.”

எனக்குப் போனது ஒரு டப்பா. அவருக்குப் போனது முதல்.

ஆயா சொன்னது சரிதான். ஈரம் வற்றாத மீனில் முதலில் ஈ முட்டையிடும். நன்றாகக் காய்ந்த பிறகு வருவது வண்டு. கறுப்பாக, புழு ரோமத்தோடு இருப்பது டெர்மெஸ்டிஸ். நீலப்பச்சையாய் மினுமினுத்து, சிவப்புக் கால்களோடு ஓடுவது நெக்ரோபியா. நம் வீட்டுக் கொப்பரைத் தேங்காயிலும் இதைப் பார்த்திருப்பீர்கள். நம் ஊர் உஷ்ணத்தில் முட்டை ஐந்தாறு வாரத்தில் வண்டாகிவிடும். உப்பு ஏறிய மீனை இரண்டுமே அவ்வளவாக விரும்புவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையிலோ சரியாகக் காய்வதும் இல்லை. பழைய கோணியின் இடுக்கில் தங்கிய வண்டு புது மூட்டைக்கும் தாவிவிடும்.

“மாசி மாதிரி புகை போட்டால் வராதே?” என்று கேட்டேன். தூத்துக்குடிப் பக்கத்துச் சிநேகிதி வீட்டில் மாசிச் சம்பல் சாப்பிட்ட ஞாபகம். சூரை மீனை வேகவைத்து, புகையில் வாட்டி, வெயிலில் மரக்கட்டை போலக் காயவைப்பதுதான் மாசி. மாலத்தீவும் லட்சத்தீவும் இதற்குப் பெயர் போனவை. ஆயாவுக்கு அது தெரியவில்லை. “இங்க வெய்யிலுதான் எங்களுக்கு அடுப்பு” என்றார். புகையும் முழுக் காவல் இல்லை. நைஜீரியாவில் மீனைப் புகை போட்டுத்தான் உலர்த்துகிறார்கள். அங்கேயும் இதே வண்டுதான் தலைவலி.

உப்புக் குறைந்த கருவாடு வேண்டும் என்று கேட்பது தப்பில்லை. ரத்த அழுத்தக்காரர்கள் உள்ள வீட்டில் வேறு வழியும் இல்லை. ஆனால் அதைக் கிலோ கணக்கில் வாங்கி வைக்காதீர்கள். பத்து நாளைக்கு ஆகிற அளவு போதும். வாங்கும்போது மேலே இருப்பதைப் பார்க்காமல், கூடையின் அடியில் பொடி இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு நாள் வெயிலில் போட்டு, நன்றாக ஆறிய பிறகே இறுக்கமான மூடியுள்ள பாட்டிலில் அடையுங்கள். சூட்டோடு மூடினால் வியர்த்துவிடும். ஃப்ரீசர் இருந்தால் ஒரு வாரம் அதில் வைத்தால் முட்டையும் புழுவும் சாகும். வேப்பிலை போடுகிற வழக்கம் உண்டு. ஏற்கனவே உள்ளே புகுந்த புழுவை அது ஒன்றும் செய்யாது. எறும்புப் பொடி, பூச்சி மருந்து மட்டும் வேண்டவே வேண்டாம்! குழந்தை சாப்பிடுகிற பண்டம்.

புழு வைத்ததைக் கழுவி எடுத்துக் குழம்பு வைக்கவும் மனசு வரும். வேண்டாம். அந்த ரோமமும் தோலும் சிலருக்கு அலர்ஜி கொடுக்கும். பிள்ளை பெற்றவளுக்கு என்று பால் சுறாக் கருவாடு வாங்கி வைப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

கிளம்பும்போது கால் கிலோ வாளைக் கருவாடு வாங்கினேன். ஆயா ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் தட்டி, உதிர்வதைப் பார்த்து, இரண்டை ஒதுக்கிப் போட்டார்.

“இது உப்புப் போட்டது. ஊற வெச்சிக் கழுவிட்டு ஆக்கு. குழம்புல தனியா உப்புப் போட்டுடாத கண்ணு!”