மின்னாததையும் விடக்கூடாது

"மெஷினை அப்புறம் பாக்கலாம், முதல்ல இவர் கையைப் பாருங்க" என்று நிலவியல் ஆய்வாளரான நண்பர் திருமுக்கூடலூருக்கு அழைத்துப்போனார். அமராவதி காவிரியில் கலக்குமிடத்துக்குச் சற்றுக் கீழே, முழங்கால் தண்ணீரில் நின்று மணல் அரித்துக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர்.

தட்டை அவர் ஆட்ட ஆட்ட, வெளிர்மணல் விளிம்பு தாண்டி ஓடுகிறது; அடியில் கறுப்பாக ஒரு கீற்று தங்குகிறது. காந்தம் காட்டினால் அதில் ஒரு பங்கு பாய்ந்து ஒட்டிக்கொள்கிறது. மிச்சத்தில் செந்நிறக் கார்னெட். அதனூடே, வெறுங்கண்ணுக்குப் பிடிபடாத பொடியாக ஜிர்கான். குவார்ட்ஸைவிட ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு கனம். மலை தேய்ந்து மணலானாலும் இது அழியாது.

உருவாகும்போது ஜிர்கான் யுரேனியத்தை ஏற்கும், ஈயத்தை அண்டவிடாது. பின்னாளில் உள்ளே காணும் ஈயம், யுரேனியம் சிதைந்து வந்தது. யுரேனியம் 238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டுகள். இரண்டின் விகிதம்தான் மணியின் வயது. ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் கிடைத்த ஒரு மணிக்கு 440 கோடி வயது. அந்தக் காலத்துப் பாறை எதுவும் மிஞ்சவில்லை. மணியிலுள்ள ஹாஃப்னியமோ, அந்தப் பாறைக்கான சரக்கு பூமியின் கவசத்திலிருந்து எப்போது பிரிந்தது என்று காட்டிக்கொடுக்கும்.

காவிரி மேலே தார்வார் நிலத்தை அறுத்துக்கொண்டு வருகிறது. அங்கே 250 கோடி ஆண்டைத் தாண்டிய பாறைகள். அமராவதி இறங்கிவரும் ஆனைமலை, பழனி மலைப் பக்கமோ, கோண்டுவானா ஒன்றுகூடிய காலத்தில், சுமார் 55 கோடி ஆண்டுக்கு முன் வெந்து உருமாறியது. இரண்டு வரலாறும் அந்தத் தட்டில் கிடந்தன.

பெரியவர் கோவைக்காரர். நகைப்பட்டறைத் தெருச் சாக்கடை மண்ணை அரித்துத் தங்கத்தூள் எடுத்த குடும்பம். "தங்கம்னா மின்னுறதைத் தேடோணுமுங்க. இதுல மின்னாததையும் விடக்கூடாதுங்க" என்றார்.

விஷயமே அதில்தான் இருக்கிறது. ஆய்வகத்தில் நுண்ணோக்கியடியில் ஊசிமுனையால் ஒவ்வொரு மணியாக ஒதுக்குகிறார். யுரேனியம் மிகுந்த மணிகள் தம் கதிர்வீச்சாலேயே சிதைந்து மங்கியிருக்கும். பளிச்சென்றவற்றை மட்டும் பொறுக்கினால் கணக்கு ஒருபக்கம் சாயும். மணலில் இருபதில் ஒரு பங்காவது உள்ள எந்த வயதுக் கூட்டமும் தப்பாது என்று 95 சதவீதம் நம்ப, குறைந்தது 117 மணிகளை அளக்க வேண்டுமாம். அதன்பிறகு வரும் லேசர் சமாச்சாரத்தை விட்டுவிடுகிறேன். பட்டன் தட்டினால் எண் வருகிறது.

ஆனால் ஊசி பிடிக்கும் கைக்குத் தினக்கூலி. அதிலும் ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரர் ஒரு பங்கை எடுத்துக்கொண்டே மீதியைத் தருகிறார். ஆற்றை யூனிட் கணக்கில் லாரி ஏற்றுபவருக்கும் கமிஷன், அதே ஆற்றைப் பொடி மணியாகப் படிப்பவரை அனுப்புபவருக்கும் கமிஷன். தண்ணீரில் இறங்காதவனுக்குத்தான் இந்த நாட்டில் மணல் பொன்னாகிறது. கட்டுரை வெளியாகும்போது ஆசிரியர் வரிசையில் பெரியவர் இல்லை.

"அடுத்த கட்டுரையில பேர் போட்டுடலாம்" என்றார் நண்பர்.

"பேரு கிடக்கட்டுங்க, கூலிய நேரா என் கையில குடுக்கச் சொல்லுங்க" என்றார் பெரியவர்.