இடம் பிடிக்கும் தண்ணீர்

ஊரில் யாராவது என் ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்டால் மெத்தனால் என்ற பெயரைச் சொல்லத் தயக்கமாக இருக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகு, எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தமே கிடையாது. ஆனால் நான் தினமும் புழங்குவது அதோடுதான்.

வேலை இதுதான். மெத்தனாலை ஆவியாக்கி, 250, 300 டிகிரி செல்சியஸ் சூட்டில், காமா அலுமினா என்ற வெள்ளைத் தூள் அடைத்த எஃகுக் குழாய் வழியாக அனுப்ப வேண்டும். இரண்டு மெத்தனால் மூலக்கூறுகள் சேர்ந்து ஒரு டைமெத்தில் ஈதரும் ஒரு தண்ணீரும் ஆகும். இந்த ஈதரை டீசலுக்கு மாற்றாக எரிக்கலாம். இதில் கார்பனும் கார்பனும் நேரடியாகப் பிணைந்திருப்பதில்லை என்பதால் கரிப்புகை மிகக் குறைவு. இதெல்லாம் பழைய கதை. எவ்வளவு வேகத்தில் நடக்கிறது, அந்த வேகத்தை எது பிடித்து இழுக்கிறது என்பதுதான் என் கேள்வி.

அலுமினாவின் மேற்பரப்பில் அமிலத்தன்மை கொண்ட இடங்கள் உண்டு. டவுன் பஸ் சீட் மாதிரி, எண்ணிக்கை கொஞ்சம்தான். மெத்தனால் அதில் வந்து உட்கார்ந்தால்தான் வினை. சிக்கல் என்னவென்றால், வினையில் பிறக்கும் தண்ணீரும் அதே சீட்டில் உட்கார்ந்துகொள்ளும். 1992இல் பெர்சிச், லெவெக் இருவரும் எழுதிய வேகச் சமன்பாட்டில் தண்ணீர் வகுக்கும் பகுதியிலும் இருக்கிறது, அதுவும் நான்காம் அடுக்குக்குள்.

வேண்டுமென்றே தண்ணீர் கலந்து அனுப்பிப் பார்ப்பேன். குரோமட்டோகிராமில் ஈதரின் மேடு சிறுத்துக்கொண்டே வரும். மறுபடி சுத்த மெத்தனால் விட்டால் மெல்ல ஏறும். வினையூக்கி சாகவில்லை, இடம்தான் அடைபட்டுக் கிடந்தது.

கள்ளக்குறிச்சிக்குப் பிறகுதான் மெத்தனால் உடம்புக்குள் என்ன செய்கிறது என்று உட்கார்ந்து படித்தேன். கண்ணைப் பறிப்பது மெத்தனால் அல்ல. ஈரலில் உள்ள நொதி அதை ஃபார்மால்டிஹைடாக்குகிறது. அது ஃபார்மிக் அமிலமாகிறது. அந்த அமிலம்தான் பார்வை நரம்பைத் தாக்குகிறது. சிகிச்சைக்குத் தரும் ஃபோமெபிசோல், அது இல்லாத இடத்தில் எத்தனால், செய்வது ஒரே காரியம்: நொதியில் மெத்தனாலுக்கு முன்னால் போய் இடம் பிடிப்பது. அதற்குள் டயாலிசிஸ் மெத்தனாலை வெளியேற்றிவிடும்.

சமன்பாட்டைப் பார்த்தேன். தடுப்பது வகுக்கும் பகுதியில் நிற்கிறது, என் தண்ணீர் நிற்கிற அதே இடத்தில். குழாயில் நான் திட்டித் தீர்க்கும் விஷயம் ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றுகிறது.

ஆனால் அமிலம் உருவான பிறகு இடம் பிடித்துப் பெரிய பயனில்லை. கொடுமை என்னவென்றால், குடித்துப் பல மணி நேரம் அது வெறும் போதை மாதிரிதான் இருக்கும். தூங்கினால் சரியாகிவிடும் என்று படுத்துக்கொள்வார்கள்.

இப்போது லேபில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு இரண்டு சமன்பாட்டையும் போர்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுகிறேன். பெரும்பாலும் குறித்துக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு பையன் மட்டும் நின்று, "அண்ணா, அப்ப எவ்ளோ நேரத்துக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போகணும்?" என்று கேட்டான்.

"கண்ணு மங்குற வரைக்கும் காத்திருக்கக் கூடாதுடா" என்றேன். "தெரிஞ்ச உடனே கிளம்பணும்."