பெங்களூரில் பார்த்த பீர் ஆலை



போன வாரம் பெங்களூரு போயிருந்தேன். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒரு மாணவன் அங்கே இருக்கிறான். பெயர் சொல்லவில்லை. அவன் அம்மா ஊரில் "ஃபுட் கம்பெனி வேலை" என்றுதான் சொல்லிவருகிறார். உண்மையில், பீரை அங்கேயே தயாரித்து அங்கேயே விற்கும் மைக்ரோ ப்ரூவரி ஒன்றில் பீர் தயாரிப்பது அவன் வேலை.

"கடை திறக்கிறதுக்கு முன்னாடி வாங்க டீச்சர்" என்றான். என் அண்ணனைக் குடி கொண்டுபோனது உறவுகளுக்குத் தெரியும். மனசில்லாமல்தான் போனேன்.

கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் நம் வகுப்பறை அளவு இடம். தானியம் உடைக்கும் மில்லுக்கு மட்டும் தனி அறை. தூசி பறந்தால் தீப்பிடிக்கவும் கூடுமாம். மால்ட் என்பது முளைகட்டிக் காயவைத்த பார்லி. நம்ம முளைகட்டிய கேழ்வரகு மாதிரிதான். அதை உடைத்து, 500 லிட்டர் தொட்டியில் 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகிறது. சல்லடைத் தட்டு வழியாக வடிந்த சாறு பக்கத்துக் கொப்பரைக்குப் போய், ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவோடு கொதிக்கிறது. பிறகு தகடுகள் அடுக்கிய ஒரு கருவிக்குள் ஓடி, 20 டிகிரிக்குக் குளிர்கிறது. அந்தச் சூட்டை வாங்கிக்கொண்ட தண்ணீரைக் கொட்டிவிடாமல் அடுத்த முறைக்குச் சேர்த்து வைக்கிறான்.

அதற்கப்புறம் நொதிக்கும் தொட்டிகள். அடிப்பகுதி கூம்பு வடிவம். ஈஸ்ட் அதில் படியும், கீழ்க்குழாயைத் திறந்து எடுத்துவிடலாம். தரை முழுவதும் சாக்கடை பக்கம் லேசான சரிவு. "முக்கால்வாசி வேலை கழுவுறதுதான் டீச்சர்" என்று சிரித்தான்.

சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு சின்ன மீட்டர் இருந்தது. இவ்வளவு தாழ்வாக ஏன் என்று கேட்டேன்.

"கார்பன் டை ஆக்சைடு காத்தைவிடக் கனம், கீழே தேங்கும். காலித் தொட்டிக்குள்ள தலையை விட்டாலே ஆபத்து. பாழுங்கிணத்துல விளக்கை இறக்கிப் பார்க்காம ஆளை இறக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? விளக்கை நம்ப முடியாதுன்னு மீட்டர் வெச்சிருக்கோம். புதுசா வர்ற பசங்களுக்கு முதல் நாள் உங்க கிணத்துக் கதைதான்."

நான் நடத்திய பாடம் இப்படி ஓர் இடத்தில் உயிரோடு இருக்கும் என்று நினைத்ததே இல்லை.

கிளம்பும்போது கேட்டான்: "நான் செய்றது தப்பா டீச்சர்?"

"தெரியலடா. அண்ணன் ஞாபகம் வந்துச்சு. அந்த மீட்டரைத் தினமும் பார்த்துக்கோ" என்றேன். வேறு பதில் என்னிடம் இல்லை. இன்றும் இல்லை.

ஊருக்கு வந்ததும் அவன் அம்மாவைப் பார்த்தேன். "பையன் வேலை செய்யிற இடத்தைப் பார்த்தேன்மா. ரொம்ப சுத்தமா, பொறுப்பா வெச்சிருக்கான்" என்றேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி போட எழுந்து போனார்.

அவன் சம்மதத்தோடுதான் இதை எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்