நின்ற தொழிலும் அமர்ந்த தொழிலும்

மனிதனுக்கு இடுப்பு என்று ஓர் அங்கம் இருப்பது, அது வலிக்கத் தொடங்கும் வரையில் நினைவுக்கு வருவதில்லை. முப்பத்தாறாவது வயது வரையில் நாம் அதைப் பற்றி ஒரு நாளும் சிந்தித்தவரல்லோம். அதன் பிறகோ, வேறெதைப் பற்றியும் சிந்திக்க முடியாதபடி அது செய்துவிட்டது.

நாம் 1962-ஆம் வருஷத்தில், பதினாறாவது வயதில், சென்னை ஜார்ஜ் டவுன் சந்து ஒன்றில் இருந்த அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கும் வேலைக்குச் சேர்ந்தோம். இது உட்கார்ந்து செய்யும் வேலை என்று வெளியார் பலர் எண்ணுவதுண்டு. முழுக்க முழுக்க நின்று செய்யும் வேலை அது. எதிரே சாய்வாக நிறுத்திய எழுத்துக் கேஸ். இடது கையில் ஸ்டிக். வலது கை மட்டும் காலை முதல் மாலை வரை அறைக்கு அறை பறந்துகொண்டேயிருக்கும். நம் தாய்மொழிக்கு எழுத்துக்கள் 247. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு இல்லையென்றாலும், இங்கிலீஷ் கோப்பவன் நீட்டும் தூரத்தைவிடத் தமிழ் கோப்பவன் அதிக தூரம் கையை நீட்டத்தான் வேண்டும்.

கோத்த பக்கங்களை இரும்புச் சட்டத்துக்குள் அடக்கி முடுக்கினால் அது ‘பாரம்’. இங்கிலீஷ் சொல் ஒன்றின் திரிபுதான். ஆனால் அதைத் தூக்கியவர் எவரும் அதற்கு வேறு பொருள் தேட மாட்டார். ஈயம் தண்ணீரைப்போல் 11 மடங்கு கனமுள்ளது. உறுதிக்காகக் கொஞ்சம் ஆன்டிமனியும், வார்ப்புக்காகக் கொஞ்சம் வெள்ளீயமும் சேர்த்தாலும் அந்தக் கனம் அதிகம் குறைந்துவிடுவதில்லை. அதைக் குனிந்து எடுத்து, நெஞ்சோடு அணைத்து, இயந்திரம் வரையில் நடக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷம் நடந்தோம்.

வலி வந்ததும் நாம் செய்த முதற் காரியம் அதை மறைத்ததுதான். வேலைக்காரனுக்கு உடம்புதான் மூலதனம். மூலதனம் கரைகிறது என்று எந்த வியாபாரியாவது ஊரறியச் சொல்வானா? ஏறக்குறைய இரண்டு வருஷம், குனிய வேண்டிய இடங்களில் முழங்காலை மடித்தும், தூக்க வேண்டிய நேரங்களில் வேறு வேலை இருப்பதுபோல் பாவனை செய்தும் காலந் தள்ளினோம். நமது தோழர் ஒருவர், வாட்டசாட்டமானவர், ஒன்றும் கேட்காமலே நம்முடைய பாரத்தையும் சேர்த்துத் தூக்கிச் செல்வார். அவர் கேட்காததனால் நாமும் சொல்லவில்லை.

வீட்டில் மட்டும் அந்த நாடகம் நெடுநாள் நடக்கவில்லை. ஒரு மாலை நாம் வாசலில் வந்ததும், மனைவி கைக்குழந்தையை நம்மிடம் நீட்டினாள். நாம் உடனே வாங்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, “மடியில் விடு” என்றோம். அவள் குழந்தையை விட்டாள்; நம் முகத்தையே சற்று நேரம் பார்த்தாள். “எத்தனை நாளாக?” என்று மட்டும் கேட்டாள்.

1984-ஆம் வருஷம் மே மாதத்தில், பள்ளிக்கூடங்கள் திறக்கும் அவசரத்தில், ஒரு பாடப் புத்தகத்தின் எட்டுப் பக்கப் பாரம் நம் கையிலிருந்து நழுவியது. மூன்று நாள் வேலை ஒரு நொடியில் தரையில் ஈயக் குவியலாகக் கிடந்தது. யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாயிருந்திருக்கும். முதலாளி வந்து பார்த்தார். “நாளை முதல் கொஞ்சம் ஓய்வு எடுத்துக்கொள்ளும்” என்றார். ‘ஓய்வு’ என்னும் சொல்லுக்கு எத்தனை அர்த்தம் உண்டு என்பதை அன்றுதான் அறிந்தோம்.

நம்மைச் சோதித்த வைத்தியர், முதுகெலும்புகளின் இடையே மெத்தைபோல் இருக்கும் வட்டு ஒன்று பிதுங்கி நரம்பை அழுத்துவதாகச் சொன்னார். பிறகு, “தொழில் என்ன?” என்று கேட்டார். மிகச் சாதாரணமான கேள்வி. ஆயினும், நோயாளியிடம் வைத்தியன் இந்தக் கேள்வியையும் கேட்டே ஆக வேண்டும் என்று வற்புறுத்தியவர் இத்தாலி தேசத்து ராமஸ்ஸினி என்பதைப் பின்னால் படித்து அறிந்தோம். தொழிலாளரின் நோய்களைப் பற்றி 1700-ஆம் வருஷத்திலேயே அவர் ஒரு நூல் வெளியிட்டார். “தூக்குவதையும் நெடுநேரம் நிற்பதையும் விட்டுவிடுங்கள்” என்றார் நமது வைத்தியர். நமது தொழிலில் அவ்விரண்டையும் விட்டால் மிஞ்சுவது சம்பள தினம் ஒன்றுதான்!

பத்தாம் நாள் வயது முதிர்ந்த போர்மன் வீடு தேடி வந்தார். காபி அருந்திவிட்டு, “தம்பி, உனக்குப் போனது இடுப்பு. கண் போகவில்லையே? புரூப் பார்க்க வா. முதலாளியிடம் நான் பேசிக்கொள்கிறேன்” என்றார்.

நமக்குச் சுருக்கென்றது. அச்சுக் கோப்பவனும் புரூப் திருத்துகிறவரும் அந்நாளில் கீரியும் பாம்பும் போன்றவர்கள். நாம் நின்று கோத்ததை நாற்காலியில் சாய்ந்துகொண்டு குற்றம் சொல்லும் ஜாதி என்றே அவர்களை எண்ணியிருந்தோம். அந்த நாற்காலியில் நாமே போய் உட்காருவதா? சம்பளமும் ஐந்தில் ஒரு பங்கு குறையும். மூன்று நாள் வரையில் பதில் சொல்லவில்லை. நான்காம் நாள் மனைவி சாதம் பரிமாறிக்கொண்டே சொன்னாள்: “நின்று சம்பாதித்த சோறுதான் செரிக்குமோ? உட்கார்ந்து சம்பாதித்தது செரிக்காதோ?”

அதற்கு மறுமொழி இல்லை. மறுநாளே போனோம்.

அந்நாட்களில் நமக்குத் தைரியம் அளித்தது மகாத்மாவின் வாழ்க்கையில் உள்ள இரண்டு சிறு செய்திகள். 1904-இல் தென்னாப்பிரிக்காவில் போனிக்ஸ் குடியிருப்பை நிறுவியபோது, அங்குள்ளோர் அனைவரும் எழுத்துக் கோக்கக் கற்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. அந்த வித்தையில் தாம் கடைசிவரை மந்தமாகவே இருந்ததாக மகாத்மாவே சுய சரிதத்தில் ஒப்புக்கொள்கிறார். ஒரு தொழில் கை கூடாமற் போவதனால் மனிதன் சிறியவனாகிவிடுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? மற்றொன்று, 1909-இல் லண்டனிலிருந்து திரும்புகையில் கப்பலிலேயே ‘ஹிந்து ஸ்வராஜ்’ நூலை அவர் எழுதியது. வலது கை சோர்ந்தபோது அவர் எழுத்தை நிறுத்தவில்லை. பேனாவை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். சுமார் 40 பக்கங்கள் அவ்வாறு எழுதப்பட்டவை. கை மாறியது, காரியம் மாறவில்லை.

புது நாற்காலியில் நமக்கு முதலில் கிடைத்தது அவமானம்தான். ஒரு பக்கத்தில் முழு வரி ஒன்று விடுபட்டிருந்ததை நாம் காணவேயில்லை. இருபத்திரண்டு வருஷம் எழுத்தைப் பார்த்தோமேயன்றி வாக்கியத்தைப் படித்ததில்லை என்பது அப்போதுதான் விளங்கிற்று. இரவில் குழந்தைகளின் இலக்கணப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, வல்லினம் மிகும் இடங்களையும் மிகா இடங்களையும் உருப்போட்டோம். மூத்த மகள் நமக்கு உபாத்தியாயினி. தப்பாகச் சொன்னால் அவள் சிரிப்பாள். அச்சுக்கூடத்தில் சிரிப்பதைவிட அது மேல்.

ஆனால் மெல்ல மெல்ல ஓர் உண்மை புலப்பட்டது. பழைய தொழில் நம்மை விட்டுப் போகவில்லை. அதுவும் நம்மோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது! காலுக்குப் பதில் ‘ர’ விழுந்திருந்தால், மற்றவர் பத்து முறை படித்தும் காணாததை நாம் ஒரு பார்வையில் கண்டோம். எத்தனை முறை நாமே அவ்விதம் மாற்றிக் கோத்திருக்கிறோம்! மெய்யெழுத்தின் தலையிலிருந்து உடைந்து விழுந்த புள்ளி, தலைகீழாய் நின்ற எழுத்து, வேறு அளவு கேஸிலிருந்து வழி தவறி வந்த எழுத்து எல்லாம் நமக்குப் பழைய சிநேகிதர்கள். 1978-இல் அரசாங்கத்தார் ‘ணை’, ‘லை’, ‘னா’ முதலிய 13 எழுத்துக்களின் வடிவத்தைச் சீர்திருத்தியதும், பழைய வடிவங்கள் கேஸ் மூலையில் தங்கி அவ்வப்போது பக்கங்களில் நுழைந்துவிடும். அவற்றின் ஒளிவிடம் நமக்குத் தெரியும். திருடனைப் போலீஸ்காரனாக்கினால் பிடிப்பதற்குக் கேட்கவா வேண்டும்?

பின்னர் நடந்தது விதியின் வேடிக்கை. 1990-களில் கம்ப்யூட்டர்கள் வந்தன. சில வருஷங்களில் கேஸுகளும் ஸ்டிக்குகளும் பழைய ஈய விலைக்குப் போயின. இடுப்பு நன்றாயிருந்தவர்களும் வேலையின்றி நின்றார்கள். நம்முடைய பாரத்தைத் தூக்கிச் சென்ற தோழர் ஐம்பதாவது வயதில் ஒரு நாள் நம் எதிரில் வந்து நின்றார். எந்த இயந்திரம் வந்தாலும் பிழை மட்டும் குறையவில்லை. ஆதலால் நமது நாற்காலி அசையவில்லை. அவரை நம் பக்கத்தில் அமர்த்தி, மூலப்பிரதியை உரக்கப் படிக்கச் சொன்னோம். நாம் புரூப்பைப் பார்த்து வந்தோம். ஆறு மாதத்தில் அவரும் பேனாவை எடுத்தார். அவர் நமக்காகச் சுமந்த பாரங்களின் கணக்கில் ஒரு சிறு பாகமாவது அன்று தீர்ந்தது.

நாம் உத்தியோகத்தினின்றும் விலகியது 2006-இல். இன்று யோசிக்கும்போது, நம்மைக் காப்பாற்றியது நமது புத்திசாலித்தனம் என்று சொல்லத் துணியமாட்டோம். ஒரு கிழவர் நம் வீட்டுப் படியேறி வந்தார், அவ்வளவுதான். அவர் வராதிருந்தால்? அந்தக் கேள்விதான் நம்மை இதை எழுதத் தூண்டியது.

அரசாங்க ஊழியர் ஒருவருக்குப் பணிக்காலத்தில் ஊனம் நேர்ந்தால் அவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது, பழைய வேலை இயலாவிடில் அதே சம்பள விகிதத்தில் வேறு வேலை தர வேண்டும் என்று 1995-ஆம் வருஷத்துச் சட்டம் விதித்தது. 2016-ஆம் வருஷத்துச் சட்டமும் அதை உறுதி செய்தது. நியாயமான விதி. ஆனால் அது அரசாங்க ஸ்தாபனங்களுக்கே உரியது. தறிக் குழியில் கால் மரத்துப்போன நெசவாளிக்கும், மூட்டை சுமந்து கழுத்து வளைந்த கூலிக்கும், அடுப்படியில் வெந்த சமையற்காரருக்கும் அந்த விதி எட்டாது. இவர்களுடைய தேகம் தேய்ந்ததுபோல் அறிவு தேயவில்லை. நூலின் குணம் நெசவாளியின் விரலில் இருக்கிறது. சரக்கின் கணக்கு சுமையாளின் மனத்தில் இருக்கிறது. நூறு பேர் பந்திக்கு எவ்வளவு அரிசி என்பது சமையற்காரரின் கண்ணில் இருக்கிறது. இவற்றை ‘ஓய்வு’ என்னும் குப்பைத் தொட்டியில் கொட்டிவிட ஏழைத் தேசமாகிய நமக்குக் கட்டுப்படியாகுமா?

ஆகவே முதலாளிகளுக்கு நாம் சொல்வது: ஆளை அனுப்புமுன் பக்கத்து நாற்காலியைப் பாருங்கள். தொழிலாளிச் சகோதரர்களுக்குச் சொல்வது: பாரம் விழுந்த பிறகு சொல்லாதீர்கள், வலி வந்தவுடன் சொல்லுங்கள். நாம் ஒளித்த இரண்டு வருஷத்தில் இலக்கணத்தைக் கற்றிருக்கலாம். முதுகையும் கொஞ்சம் மிச்சப்படுத்தியிருக்கலாம். குடும்பத்தாருக்குச் சொல்ல நமக்கு என்ன இருக்கிறது? குழந்தையை நீட்டும்போது வாங்குகிறவரின் முகத்தைப் பாருங்கள், அது போதும்.

இந்தக் கட்டுரையின் புரூப்பையும் நாமே பார்க்க எண்ணியிருக்கிறோம். வயது எண்பதை நெருங்குகிறது. கண்ணும் இப்போது விடை கேட்கத் தொடங்கியிருக்கிறது. காது இன்னும் நன்றாகக் கேட்கிறது. பேத்தி படிப்பாள், நாம் கேட்டுத் திருத்துவோம்.