யாரைக் காக்கும் இரும்பு

லாரிக்கு உடல் கட்டுவதைத் தொழிலாகக் கொண்ட ஊரின் பக்கத்தில் வாழ்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. வண்டி என்பது ஒரு பொருளல்ல, இரண்டு பொருள்கள் என்பதை அவர்கள் யாரும் சொல்லித் தராமலே அறிந்திருப்பார்கள். ஓசூரிலும் எண்ணூரிலும் ஜாம்ஷெட்பூரிலும் உள்ள ஆலைகளிலிருந்து நாமக்கல்லுக்கு வந்து சேர்வது முழு லாரி அல்ல, சேஸ் என்று அழைக்கப்படும் எலும்புக்கூடு. இரண்டு நீண்ட எஃகுச் சட்டங்கள், அவற்றை ஏணிப்படிகளைப் போலக் குறுக்கே இணைக்கும் துண்டுச் சட்டங்கள், எஞ்சின், சக்கரங்கள், ஸ்டீயரிங். அவ்வளவுதான். முன்பெல்லாம் பல சேஸ்களில் ஓட்டுநரின் அறைகூட இருக்காது. தலையிலும் முகத்திலும் துண்டைச் சுற்றிக்கொண்டு, வெட்டவெளியில் அமர்ந்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வருவார்கள். அதன்பிறகு பட்டறைகளில் அதற்கு உடல் அமையும். இப்படி உடல் தனியாகக் கட்டப்படும் வண்டிகளுக்கென்றே மோட்டார் வாகன விதிகளில் 22-ஏ என்று தனிப் படிவம் ஒன்று இருக்கிறது.

இந்தப் பட்டறை அறிவை நான் நாடிப் போனது மிகச் சிறிய ஒரு வேலைக்காக. என்னுடைய பழைய மஹிந்திரா தார் ஜீப்பின் இரு பக்கங்களிலும் இரும்புக் குழாய்களைப் பூட்ட வேண்டியிருந்தது. ராக் ஸ்லைடர் என்று அதற்குப் பெயர். பாறைச் சறுக்கி என்று தமிழில் சொல்லிப் பார்க்கலாம். பார்வைக்கு ஏறும் படியைப் போலத்தான் இருக்கும். ஆனால் ஃபுட்போர்டு ஒரு மனிதரின் எடையைத் தாங்கினால் போதும், சறுக்கி வண்டியின் எடையையே தாங்க வேண்டும். முன்சக்கரம் ஏறிக் கடந்துவிட்ட பாறை, பின்சக்கரம் வந்து சேர்வதற்குள், கதவுக்குக் கீழேயுள்ள விளிம்பின் அடியில் வந்து நிற்கும். அந்த விளிம்பு மெல்லிய தகடு. தகடு பாறையைச் சந்திப்பதற்கு முன்பே குழாய் அதைச் சந்தித்து, வண்டியை அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகவிட வேண்டும். அதனால்தான் சறுக்கி.

கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்துவிட்டால் பயணம் முடிந்தது என்று சமவெளிக்காரர்கள் நினைப்போம். அருவிக்கும் அறப்பளீசுவரர் கோயிலுக்கும் போகிறவர்களுக்கு அது உண்மைதான். மிளகும் காப்பியும் பலாவும் விளையும் துண்டு நிலங்களுக்குப் போகிறவர்களுக்குப் பயணம் அங்கேதான் தொடங்குகிறது. தார்ச்சாலையை விட்டு இறங்கினால், மழைநீர் அறுத்துப்போட்ட தடங்களில் பாறைகள் துருத்திக்கொண்டு நிற்கும். என் நண்பர் ஒருவர் அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய மிளகுத் தோட்டம் அப்படியொரு தடத்தின் முடிவில் இருக்கிறது. அவருடைய அம்மா எழுபதைக் கடந்தவர். மாதம் ஒருமுறை நாமக்கல்லுக்கு வந்து மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மழைநாளில், அந்த அம்மா வந்த வாடகை ஜீப் தடத்தின் நடுவிலிருந்த பாறையின்மேல் உட்கார்ந்துவிட்டது. பெரிய சத்தம்கூட இல்லையாம். ஆனால் விளிம்புத் தகடு மேல்நோக்கி மடங்கி, அவர் பக்கத்துக் கதவைக் கவ்விக்கொண்டது. மறுபக்கக் கதவைத் திறந்தால் பள்ளம். பின்பக்கம் இருந்த மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கிவிட்டு, அந்த வழியாக அவரை வெளியே கொண்டுவர அரைமணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. யாருக்கும் காயமில்லை. அதனால் இதைச் சிறிய நிகழ்ச்சி என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டோம். அந்த அம்மா அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து தார்ச்சாலை வரைக்கும் நடந்தே வரத் தொடங்கினார். வலிக்கும் முழங்கால்களோடு, ஒரு மணி நேரம். எத்தனை சொல்லியும் அந்தத் தடத்தில் வண்டி ஏற அவர் சம்மதிக்கவில்லை. "கதவு தொறக்காதய்யா" என்பது மட்டுமே அவருடைய பதில்.

புதிதாகச் செய்து வாங்கும் விலையில் பாதிக்கும் குறைவாக, கோவையில் ஒருவரிடம் பழைய சறுக்கிகள் ஒரு ஜோடி கிடைத்தன. அவர் தம்முடைய ஜீப்பை விற்றுவிட்டார், இவற்றை மட்டும் கழற்றி வைத்திருந்தார். கழற்ற முடிந்ததற்குக் காரணம், அவை பற்றவைக்கப்படாமல் போல்ட்டால் பூட்டப்படும் வகை. அடிப்பக்கம் முழுவதும் கீறல்கள். இரண்டு இடங்களில் குழாய் சற்றே சப்பையாகி இருந்தது. பழைய பொருளை வாங்கும்போது நாம் வழக்கமாகக் கீறலைக் காட்டி விலையைக் குறைப்போம். இங்கே அந்த வாதம் எடுபடாது. ஒவ்வொரு கீறலும் ஏதோ ஒரு கதவு ஒழுங்காகத் திறந்ததற்கான சாட்சி. பார்க்க வேண்டியது கீறலை அல்ல, விரிசலை.

விரிசலைப் பார்ப்பதற்குப் பட்டறைகளில் ஓர் எளிய முறை இருக்கிறது. பற்றவைத்த இடங்களைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் ஊறவிட வேண்டும். பிறகு துணியால் நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் பொடியைப் பூச வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பிளவு இருந்தால், அதற்குள் புகுந்து ஒளிந்த மண்ணெண்ணெய் மெல்லக் கசிந்து, வெள்ளைப் பூச்சின்மேல் ஈரக்கோடாக எழும். விமானப் பாகங்களைச் சோதிக்கச் சாயத்தைப் பயன்படுத்துவார்கள் என்று படித்திருக்கிறேன், தத்துவம் அதேதான். எங்கள் சறுக்கியில் ஆறு கால்களில் ஒன்றில் அப்படியொரு கோடு எழுந்தது, விரல் நகத்தின் நீளத்துக்கு. அடுத்து, குழாயைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனோம். உள்ளே துரு தின்ற இடத்தில் ஓசை மழுங்கும். ஓசை எங்கும் மழுங்கவில்லை. நீர் வடிவதற்காக அடியில் போட்டிருந்த சிறு துளைகள் சேறு அடைக்காமல் இருந்ததுதான் காரணம்.

பட்டறைக்காரர் அறுபது வயதுக்காரர். லாரிகளைத் தவிர வேறெதையும் தொட்டுப் பழக்கமில்லாதவர். ஜீப்பின் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தவரிடம், ஒரேயடியாகப் பற்றவைத்துவிட்டால் உறுதியாக இருக்காதா என்று கேட்டேன்.

"சேஸ் மேல வெல்டிங் ராடு வெக்கக் கூடாதுங்க. நாங்க இத்தன லாரி கட்டறமே, ஒண்ணுலயாச்சும் பாடிய சேஸோட சேத்துப் பத்த வெச்சுப் பாத்திருக்கறீங்களா?"

பார்த்திருக்கிறேன், கவனித்ததில்லை. லாரியின் உடலைச் சேஸோடு பிணைப்பவை யூ போல்ட்டுகள். இரண்டுக்கும் நடுவே மரக்கட்டையோ ரப்பரோ இருக்கும். சேஸ் சட்டம் சாதாரண இரும்பல்ல, கூடுதல் வலிமைக்கென்று தயாரிக்கப்பட்ட எஃகு. கண்டபடி பற்றவைத்தால், அந்த வெப்பம் பற்றவைப்பை ஒட்டிய இடத்தின் குணத்தை மாற்றிவிடும். பாரத்தில் வளைந்து வளைந்து நிமிரும் சட்டத்தில் நாளடைவில் அங்கேதான் பிளவு பிறக்கும். சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில் துளையிடுவதையும் லாரி தயாரிப்பாளர்கள் தடுக்கிறார்கள். வளையும்போது அதிக இழுவிசை அந்த விளிம்புகளில்தான் இருக்கிறது. சுடாமல், துளைக்காமல், இறுகப் பற்றிக்கொள்வது: நாமக்கல்லின் தொழில் இந்த ஒரு நெறியின்மேல்தான் நிற்கிறது என்று அன்று தோன்றியது.

சறுக்கியின் ஒவ்வொரு காலின் முனையிலும் ஒரு தடித்த தகடு உண்டு. அதற்கு இணையான மற்றொரு தகட்டைச் சட்டத்தின் மறுபுறம் வைத்து, சட்டத்துக்கு வெளியே ஓடும் போல்ட்டுகளால் இரண்டையும் இறுக்கினால், சட்டம் நடுவில் அகப்பட்டுக்கொள்ளும். ஒரு துளைகூட வேண்டாம். இடது பக்கத்து நடுக்கால் மட்டும், சட்டத்தை ஒட்டி ஓடும் பிரேக் குழாயின்மேல் வந்து உட்கார்ந்தது. பிரேக் குழாயைக் கொஞ்சம் வளைத்துவிடலாமே என்றான் உதவிக்கு நின்ற பையன். பெரியவர் மறுத்துவிட்டார். "வந்ததுதான் எடங்கொடுக்கோணும், இருக்கறது நவுரக் கூடாது." சறுக்கியைக் கீழே இறக்கி, அந்தக் காலை அறுத்து, நான்கு சென்டிமீட்டர் தள்ளிப் பற்றவைத்தார். விரிசல் கண்ட காலையும் கூடவே பள்ளம் பறித்துப் புதிதாகப் பற்றவைத்தார். நெருப்பு முழுக்கச் சறுக்கியில் பட்டது, வண்டியில் ஒரு பொறிகூட விழவில்லை.

போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருக்கும். நான் அதை அளவு என்று நினைத்திருந்தேன். அது வலிமை. முதல் எட்டு, இழுத்தால் அறுபடும் எல்லை 800 மெகாபாஸ்கல் என்பதைச் சொல்கிறது. புள்ளிக்குப் பின்னால் வரும் எட்டு, அந்த எல்லையில் பத்தில் எட்டுப் பங்குவரை இழுபட்டாலும் நிரந்தரமாக நீண்டுவிடாது என்பதைச் சொல்கிறது. எவ்வளவு தாங்கும், எதுவரை பழைய நிலைக்கு மீளும் என்ற இரண்டு தகவல்களையும் தலையில் எழுதிக்கொண்டிருக்கும் பொருள் வேறு ஏதும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. பழைய போல்ட்டுகள் அனைத்தையும் ஒதுக்கிவிட்டுப் புதியவை போட்டோம்.

இனிச் சோதனை. ஜாக்கியை வண்டிக்கு அடியில் கொடுக்காமல், சறுக்கியின் நடுவில் கொடுத்து உயர்த்தச் சொன்னார் பெரியவர். ஒரு பக்கச் சக்கரங்கள் தரையை விட்டு மேலெழுந்தன. வண்டியின் பாதி எடை அந்த ஒரு குழாயில். "இப்பக் கதவத் தொறங்க." திறந்தேன். மூடினேன். தரையில் நிற்கும்போது எப்படியோ அப்படியே, ஒரு மில்லிமீட்டர்கூட உரசாமல், அதே ஓசையுடன் மூடியது. எடை தகட்டுக்குப் போகாமல் நேராகச் சட்டத்துக்குப் போகிறது என்பதற்கு இதைவிட நல்ல நிரூபணம் இல்லை. மலையில் இருக்கும் அந்த அம்மாவுக்கு நான் காட்ட வேண்டியிருந்ததும் இந்த ஒன்றைத்தான்.

வேலை முடிந்தது என்று நினைத்தபோது, பெரியவர் சறுக்கியின் பின்முனையைக் காலால் தட்டினார். அங்கே குழாய் வெளிப்பக்கமாக ஒரு கொம்பைப் போல வளைந்து, வண்டியின் உடலைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது. குறுகலான இடத்தில் திரும்பும்போது மரமோ பாறையோ வண்டியின் பின்பகுதியில் உரசாமல் தள்ளிவிடுவதற்கான அமைப்பு அது. இந்த வகைச் சறுக்கிகளில் அதைத்தான் சிறப்பாகப் பேசுவார்கள்.

"இது யாரு முட்டியில படும்ங்க?" என்றார்.

எதிரே நின்ற லாரி ஒன்றைக் காட்டினார். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே, ஏறத்தாழ என் சறுக்கி இருக்கும் அதே இடத்தில், நீளவாக்கில் இரும்புக் கம்பிகள். இரு சக்கர வண்டியில் போகிறவரோ நடந்து போகிறவரோ தடுமாறி விழுந்தால், பின்சக்கரத்தின் அடியில் போய்விடாமல் தடுப்பதற்காக லாரிகளில் சட்டப்படி வைக்கப்படும் பக்கவாட்டுத் தடுப்பு. அதே இடம், அதே இரும்பு. என்னுடையது உள்ளே இருப்பவருக்காக, அது வெளியே இருப்பவருக்காக. 2017 டிசம்பரில், வண்டிகளின் முகப்பில் பூட்டும் கனத்த இரும்புத் தடுப்புகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியபோது, நானும் அதைத் தேவையற்ற கெடுபிடி என்று பேசிக்கொண்டிருந்தவர்களின் பக்கத்தில் நின்றிருக்கிறேன். அந்தத் தடுப்புகள் வண்டியின் விளக்கைக் காப்பாற்றும். ஆனால் மோதலை வாங்கி நசுங்குவதற்கென்றே செய்யப்பட்ட முன்பகுதியை நசுங்கவிடாது. குறுக்கே வரும் மனிதரின் காலையும் இடுப்பையும் உடைக்கும்.

கொல்லிமலைத் தடத்தில் ஜீப் வரும்போது, விறகுச் சுமையோடும் பலாப்பழத்தோடும் வருகிறவர்கள் ஓரமாக ஒதுங்கி, வண்டியோடு உடல் உரசத்தான் நிற்பார்கள். குழந்தைகள் பக்கத்திலேயே ஓடிவரும். அந்தக் கொம்பு அவர்களுடைய முழங்கால் உயரத்தில் இருந்தது. இரண்டு பக்கத்துக் கொம்புகளையும் அறுத்து, முனைகளை மூடி, ரெட் ஆக்சைடு அடித்தோம். இப்போது சறுக்கி வண்டியின் உடலைத் தாண்டி வெளியே வருவதில்லை.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் ஒரு கேரள வழக்கில் இதை உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டில் வந்த திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடம் தருகிறது. பொதுச்சாலையில் சறுக்கியோடு ஓடுவதில்லை என்று நான் முடிவு செய்தது இதனால்தான். பட்டறையில் பொருத்திப் பார்த்ததும் கழற்றி, வண்டியின் பின்னால் ஏற்றி மலைக்குக் கொண்டுபோனேன். அவை இப்போது நண்பரின் தோட்டத்துக்கு இறங்கும் முனையில், தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் இருக்கின்றன. போனதும் பூட்டுகிறோம், திரும்பும்போது கழற்றுகிறோம். இரண்டு பேர் சேர்ந்தால் முக்கால் மணி நேர வேலை. பற்றவைத்திருந்தால் இந்த வழியே இல்லாமல் போயிருக்கும்.

அந்தப் பட்டறையில் முன்பு ஓட்டுநர் அறைகளும் கட்டினார்கள். 2025 முதல், மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட புதிய சரக்கு வண்டிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயமாகிவிட்டது. அறை கட்டும் வேலை இனிப் பட்டறைகளில் குறையலாம். பெரியவர் இதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. "வெயில்ல வந்தவனுக்குத்தான் தெரியும்ங்க" என்று மட்டும் சொன்னார். தம் பிழைப்பில் ஒரு பங்கு போகிறபோதும், உள்ளே உட்காருகிறவரை முதலில் நினைக்கத் தெரிந்தவராக இருந்தார்.

ஐப்பசி மழைக்குப் பிறகு ஒருநாள் மலைக்குப் போனேன். ஜாக்கியைச் சறுக்கியில் கொடுத்து வண்டியைத் தூக்கி, அந்த அம்மாவையே கதவைத் திறந்து மூடச் சொன்னேன். மூன்று முறை திறந்து மூடினார். ஒன்றும் சொல்லாமல் ஏறி உட்கார்ந்தார். தார்ச்சாலை வந்ததும் குனிந்து பார்த்தபோது, புதிதாக அடித்த ரெட் ஆக்சைடின்மேல் ஒரு முழ நீளத்துக்கு வெள்ளைக் கீறல் இருந்தது. வழியில் எந்த இடத்தில் விழுந்தது என்று வண்டிக்குள் இருந்த எங்கள் யாருக்கும் தெரியவில்லை.