பனிக்கட்டியில் ஐந்து டிகிரி



நீலகிரியில் நான் ஊழியம் செய்த நாட்களில், திருச்சபை நடத்திய ஒரு சிறு மருந்தகமும் என் பொறுப்பில் இருந்தது. குழந்தைகளுக்கான தடுப்பூசிகளை அங்கே ஒரு குளிர்பெட்டியில் வைத்திருந்தோம். அதன் உட்புறம் 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் இடையில் இருக்கவேண்டும். உள்ளே ஒரு வெப்ப சென்சார், வெளியே சுவரில் டேட்டா லாகர். இரவும் பகலும் அது வெப்பநிலையைப் பதிந்துகொண்டே இருக்கும். வாரக் கடைசியில் அந்தப் பதிவுத் தாளில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்திடுவது என் வேலை.

ஒருமுறை சென்சார் பழுதாயிற்று. அதையும் அதனோடு இணைந்த டிரான்ஸ்மிட்டரையும் புதிதாக மாற்றினார்கள். மாற்ற வந்தவர் அதை மேசைமீது வைத்துச் சோதித்தார். அறையில் 20 டிகிரி. லாகரும் 20 என்றே காட்டியது. எல்லாருக்கும் திருப்தி. ஆனால் குளிர்பெட்டிக்குள் வைத்ததும் 8.75 என்றது. கதவோரம் தொங்கிய பழைய கண்ணாடி வெப்பமானியோ 5 என்றது. வெப்பமானிதான் கெட்டுவிட்டது என்று தீர்மானித்து அதை அலமாரியில் போட்டோம். விலை குறைந்ததைத்தானே நாம் முதலில் சந்தேகிக்கிறோம்! சிஸ்டர் குளிரைக் கூட்டினார். லாகர் 3.5-க்கு இறங்கி அங்கேயே நின்றது.

ஏழு வாரங்கள் கழித்து, பின்வரிசைக் குப்பி ஒன்றில் பனித்துகள்கள் இருப்பதைச் சிஸ்டர் கண்டார். லாகர் அப்போதும் 3.5 என்றுதான் காட்டிக்கொண்டிருந்தது.

ஹெபடைடிஸ்-பி, பென்டாவேலண்ட் போன்ற தடுப்பூசிகள் உறைந்துபோனால் வீரியத்தை இழந்துவிடும். சில தடுப்பூசிக் குப்பிகளின்மேல் ஒரு சிறு சதுரக் குறி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அதிக வெப்பம் பட்டிருந்தால் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். உறைந்ததை அது காட்டாது.

தேயிலைத் தொழிற்சாலையில் கருவிகளைப் பராமரிக்கும் சபைத் தம்பி ஒருவரை அழைத்தேன். வந்ததும் அவர், "ஐயா, கொஞ்சம் ஐஸ் கிடைக்குமா?" என்றார். ஐஸை நொறுக்கி, நல்ல தண்ணீரோடு பிளாஸ்கில் இட்டுக் கலக்கி, சென்சாரை அதில் அமிழ்த்திச் சற்றுப் பொறுத்திருந்தார். ஐஸும் தண்ணீரும் சேர்ந்திருக்கும்வரை அங்கே 0 டிகிரி. (கொதிநீர் மலையில் இதற்கு ஆகாது. உதகமண்டலத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகாமல் தவித்த எங்கள் வீட்டாருக்கு அது முன்பே தெரியும்.) லாகர் 5 என்று காட்டியது. அடுத்து, தம் நம்பகமான வெப்பமானி 40 என்று காட்டிய வெந்நீரில் சென்சாரை வைத்தார். லாகர் 35 என்றது.

அவர் விளக்கியது இது. டிரான்ஸ்மிட்டர் வெப்பநிலையை அனுப்புவதில்லை. 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரையிலான ஒரு மின்னோட்டத்தையே அனுப்புகிறது. அதை டிகிரியாக மாற்றுவது லாகர். பழைய டிரான்ஸ்மிட்டரில் 4 என்றால் மைனஸ் 10 டிகிரி, 20 என்றால் 50. புதியதில் 4 என்றால் மைனஸ் 20, 20 என்றால் 60. ஒரு மில்லிஆம்பியருக்கு இப்போது 5 டிகிரி. லாகரோ இன்னும் 3.75 என்றே கணக்கிட்டது. அந்த மாற்றத்தை எவரும் அதற்குச் சொல்லவில்லை. இரு அளவுகளுக்கும் நடுப்புள்ளி 20 டிகிரி. எங்கள் அறையும் அன்று அதே 20-இல் இருந்தது! பொய் வெளிப்படாத ஒரே இடத்தில் வைத்துச் சோதித்திருக்கிறோம்.

உபாகமம் 25-ஆம் அதிகாரம், பையில் பெரிதும் சிறிதுமாக இருவகை நிறைகற்களை வைத்திருப்பதைத் தடைசெய்கிறது. அதைப்பற்றிப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன், எப்போதும் ஒரு வஞ்சகனை மனதில் வைத்து. எங்கள் மருந்தகத்தில் வஞ்சகர் எவருமில்லை. இரண்டு அளவுகள் மட்டும் இருந்தன.

லாகரில் இரண்டு எண்களை மாற்றியதும் அது சரியாயிற்று. பழைய பதிவுகளையும் கணக்கிட்டுத் திருத்த முடிந்தது: பதிந்த எண்ணோடு 10-ஐக் கூட்டி, நான்கால் பெருக்கி, மூன்றால் வகுத்து, 20-ஐக் கழிக்கவேண்டும். 3.5 என்பது மைனஸ் 2 ஆனது. "பழைய தாளை அழிச்சிடாதீங்க ஐயா. பக்கத்துல திருத்தின எண்ணை எழுதி, தேதி போடுங்க" என்றார் அந்தத் தம்பி. ஏழு தாள்களிலும் 'சரி' என்ற என் கையெழுத்துக்கு அருகிலேயே அதை எழுதினேன்.

குப்பிகளையெல்லாம் ஒதுக்கினோம். மருத்துவரின் ஆலோசனைப்படி, அந்த ஏழு வாரங்களில் ஊசி போட்டுக்கொண்ட பிள்ளைகளின் வீடுகளுக்குச் சிஸ்டரும் நானும் நடந்தே போனோம். "அப்போ திரும்பவும் குத்தணுமா, ஐயா?" என்று ஒரு தாய் கேட்டார். "ஆமாம்மா, தப்பு எங்களுடையது" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்களுடனேயே புறப்பட்டுவிட்டார்.

பழைய வெப்பமானி மறுபடி கதவோரம் தொங்கிற்று. உங்களில் வீட்டில் இன்சுலின் வைத்திருப்போர் பலர் உண்டு. அதுவும் உறைந்தால் பயன்படாது. உங்கள் குளிர்பெட்டியிலுள்ள வெப்பமானியை இந்த வாரம் ஒருமுறை ஐஸ் தண்ணீரில் வைத்துப் பாருங்கள்.